ஒரே ஒரு பிரதி: புசா ரோடும் எட்டு மில்லிமீட்டர் படச்சுருளும்

இன்று புசா ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்துக்குப் பதில் மெட்ரோ பாலம்தான் தெரியும். 2005 டிசம்பர் 31 அன்று துவாரகா - பாரகம்பா ரோடு தடம் திறக்கப்பட்டதிலிருந்து கரோல் பாக், ராஜேந்திரா பிளேஸ் நிலையங்கள் சாலைக்கு மேலேயே அமர்ந்திருக்கின்றன. அதற்கு முன் இந்தச் சாலை எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நாம் வாயால்தான் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் மட்டும் நாலு நிமிஷம் காட்டவும் முடியும்.

சர்க்கார் உத்தியோகத்திலிருந்த என் பெரியப்பா, வெளிநாடு போய்வந்த சக ஊழியர் ஒருவரிடமிருந்து பழைய எட்டு மில்லிமீட்டர் காமிரா ஒன்றை வாங்கினார். சாவி கொடுத்தால் ஓடும் காமிரா. அவர் எடுத்த ஒரு சுருளில் பெரியம்மா பர்சாத்தி மாடியில் பொங்கல் கோலம் போடுகிறாள். அப்புறம் காமிரா கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே பார்க்கிறது. மரங்கள், ஒரு டோங்கா, சைக்கிளில் போகும் இரண்டு பேர், வெயில். அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ எப்படிப் பிழைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கஞ்சத்தனத்தின் கணக்கு

தொழில்முறை சினிமாவின் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் தனிமனிதரின் பைக்கு எட்டாதது. அக்காலத்தில் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமும்கூட. ஆகவே வீட்டுக்காரர்களுக்கென்று 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மில்லிமீட்டரையும், 1923இல் அமெரிக்காவின் கோடாக் 16 மில்லிமீட்டரையும் கொண்டுவந்தன. இவை தீப்பற்றாத அசிடேட் ஃபிலிம்கள். அதுவும் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932இல், கோடாக் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தது. 16 மில்லிமீட்டர் அகலச் சுருளை முதலில் ஒரு பாதியில் மட்டும் எடுப்பது, பிறகு திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுப்பது. கழுவும் இடத்தில் அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டித் தருவார்கள். 25 அடி 50 அடியாகிவிடும். எட்டு மில்லிமீட்டர் பிறந்த கதை இதுதான்.

அடிக்கு 80 சட்டகம் வீதம் 50 அடிக்கு 4,000 சட்டகம். நொடிக்கு 16 வீதம் ஓட்டினால் நாலு நிமிஷம் பத்து நொடி. 1965இல் வந்த சூப்பர் 8இல் சுருளைத் திருப்பிப் போடும் தொந்தரவு இல்லை, டப்பியைச் செருகினால் போதும். ஆனால் அதிலும் நொடிக்கு 18 சட்டகத்தில் மூன்று நிமிஷம் இருபது நொடிதான்.

இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அந்நாளில் டெல்லியில் ஒரு சுருள் கிடைப்பதே யோகம். போனால் பெட்டி லேபுக்குப் போய்த் திரும்பும்வரை என்ன விழுந்திருக்கிறது என்றே தெரியாது. அதனால் பெரியப்பா ஒவ்வொரு காட்சிக்கும் மனசுக்குள் ஏழு எண்ணுவாராம். எட்டாவது எண்ணுக்குக் காசு இல்லை! இன்று ஒரு காதுகுத்துக்கு மூன்று மணி நேரம் கைபேசியில் பதிவுசெய்கிறோம், யாரும் பார்ப்பதில்லை. ஏழு எண்ணி எடுத்ததை எங்கள் வீட்டில் நூறு தடவை பார்த்திருக்கிறார்கள்.

நெகட்டிவ் இல்லாத படம்

இந்த நூறு தடவையில்தான் ஆபத்து இருந்தது. சினிமாவில் நெகட்டிவ் ஒன்று பத்திரமாக இருக்கும், திரையில் ஓடுவது அதன் பிரதி. செலவு மிச்சப்படுத்த, வீட்டுப் படங்களுக்கு ரிவர்சல் ஃபிலிம் பயன்பட்டது. காமிராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவிய பின் புரொஜக்டரிலும் ஓடும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கீறல் விழுவது மூலத்தில்தான். மலிவாக எடுக்க வைத்த அதே காரணம் இழப்பையும் எளிதாக்கிவிட்டது.

இந்தப் பலவீனத்தை ஒரு படம் எப்படிச் சமாளித்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. புசா என்ற பெயரே பீகாரிலிருந்து வந்தது. அங்கே புசா என்ற ஊரில் 1905இல் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம், 1934 பூகம்பத்தில் சிதைந்து 1936இல் டெல்லிக்கு வந்தபோது பெயரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது, நம்மைப்போல! அந்தப் பீகாரில் 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கம் எழுந்தபோது, ஆனந்த் பட்வர்தன் கையில் கிடைத்த சூப்பர் 8 காமிராவில் அதைப் படமெடுத்தார். பிறகு அதைத் திரையில் ஓட்டி 16 மில்லிமீட்டர் காமிராவால் மறுபடி படமாக்கினார். காலாவதியான 16 மில்லிமீட்டர் ஃபிலிமும் பயன்பட்டது. ‘கிராந்தி கீ தரங்கேன்’ என்ற அப்படம் 1975இல் நெருக்கடி நிலை வந்ததும் தலைமறைவானது. ஒரு பிரதியைத் துண்டு துண்டாக வெளிநாட்டுக்குக் கடத்திச் சென்று கனடாவில் மீண்டும் ஒட்டினார்கள். பிரதி எடுத்ததாலும், இடம் பிரித்ததாலும் பிழைத்தது. பாடம் அவ்வளவே.

எங்கள் வீட்டுத் தவறு

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு டெல்லிக்குக் கலர் டி.வி. வந்தது, பின்னாலேயே வி.சி.ஆர். வந்தது. புரொஜக்டர் பரணுக்குப் போயிற்று. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் பதினொரு சுருள்களில் எட்டை ஒரு கடையில் கொடுத்து வீடியோ கேசட்டாக மாற்றினோம். “இனி இது எதுக்கு?” என்று மூலச் சுருள்களைத் திருப்பி வாங்கவே இல்லை. குற்றம் கடைக்காரருடையது அல்ல, எங்களுடையது. இன்று அந்தக் கேசட் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. மாற்றக் கொடுக்காமல் மறந்துபோன மூன்று சுருள்கள்தான் மிஞ்சின. கோலம் அதில் ஒன்று. கோலத்தின் காவிச் சிவப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. கோடாக்ரோம் ஃபிலிமின் வண்ணம் இருட்டில் வைத்தால் எளிதில் மங்காது. அதே காலத்துத் திரையரங்குப் பிரதிகள் பலவும் வெளிறிச் செம்மை பாய்ந்துவிட்டன.

வண்ணம் நிலைத்தாலும் அடித்தளம் நிலைப்பதில்லை. அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து காடி வாசம் வீசும், சுருங்கும், வளையும். அதை மாற்ற மருந்தில்லை, குளிர்ச்சியால் தாமதப்படுத்தத்தான் முடியும். டெல்லியின் மே மாதப் பரணைவிட மோசமான இடம் அதற்கு வேறில்லை.

யாருக்கு வேண்டும் இது?

கென்னடி கொலையை ஏபிரகாம் ஸப்ரூடர் பதிவுசெய்த, அரை நிமிஷத்துக்கும் குறைவான எட்டு மில்லிமீட்டர் சுருளுக்கு அமெரிக்க அரசு 1999இல் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தபோது, டோபாஸ் முகாமில் டேவ் தட்சுனோ என்பவர் ஒளித்துவைத்த எட்டு மில்லிமீட்டர் காமிராவில் அன்றாட வாழ்வைப் பதிவுசெய்தார். அச்சுருள் 1996இல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. குடியேறியவர்களின் வாழ்வை அவர்களே எடுத்தால்தான் உண்டு.

கோடாக் 2023 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த புதிய சூப்பர் 8 காமிராவின் விலை 5,495 டாலர், அதாவது நாலரை லட்ச ரூபாய்க்கு மேல். கோடாக்ரோமைக் கழுவிவந்த கடைசி லேப் அவ்வேலையை 2010 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. புதிதாக எடுப்பது இனிப் பணக்கார விளையாட்டு. எடுத்ததைக் காப்பாற்றுவதுதான் நமக்கு ஏற்ற வேலை.

சங்க அன்பர்கள் பரணைத் திறந்து பாருங்கள். சுருள் இருந்தால் பழைய புரொஜக்டரில் ஓட்டாதீர்கள், சுருங்கிய ஃபிலிமின் துளைகள் கிழிந்துவிடும். தெரிந்தவர்களிடம் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள், இரண்டு இடங்களில் வையுங்கள். யார், எந்த வீடு, எந்த வருஷம் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவையுங்கள். ஸ்கேன் ஆனபின் மூலத்தைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். எங்கள் எட்டுச் சுருள்களில் என்ன இருந்தது என்று சொல்ல இப்போது பெரியப்பாவும் இல்லை.