சோலைக்கிளி: ஒரு பெயரின் வரலாறு

ஏலப்பாறை என்ற ஊர்ப் பெயரில் ஏலமும் இருக்கிறது, பாறையும் இருக்கிறது. ஏல வியாபார நிமித்தமாக அந்தப் பக்கம் போய்வருகிற நமக்கு, அந்த மலைகளில் இன்னொரு தமிழ்ச்சொல்லும் வாழ்கிறது என்பது லேசில் தெரிவதில்லை. அதுதான் சோலைக்கிளி.

இது ஒரு சாண் நீளமே உள்ள சிறு பறவை. உடம்பு கருநீலம், வயிறு வெள்ளை. ஈரமான காட்டுத் தரையில் தத்தித் தத்திப் பூச்சி பிடித்துத் தின்னும். ஓயாமல் கடகடவென்று ஒலி எழுப்பும் இப்படிப்பட்ட சிறு பறவைகளை ஆங்கிலேயர் 'சாட்' என்று அழைத்தனர். சத்தத்திலிருந்து பிறந்த பெயர் அது. நம்மவர் காகத்துக்கும் குயிலுக்கும் பெயர் வைத்த மாதிரிதான்.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், நீலகிரிப் பறவைக்கு விஞ்ஞானப் பெயரிட்டார். பழனி மலையில் அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் சேகரித்ததை வைத்து, வெள்ளை வயிற்றுப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டு தனியாக விவரித்தார். அக்காலத்தில் சேகரிப்பது என்றால் சுட்டுக் கொன்று பாடம் செய்வதுதான். பறவையை ஐந்து புலனுடைய உயிர் என்று சொல்லும் சமண மரபில் வந்த எனக்கு அதைப் படிக்கையில் மனசு கசந்தது.

பிறகு நூறாண்டுக்கு மேல் இது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதில் தடுமாற்றம். கடைசியில் 2017இல் வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ் முதலானோர் மரபணுவை ஆராய்ந்து, இது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனி இனம் என்று நிறுவினார்கள். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலந்தான். ஆனால் குளிர்ந்த மேட்டுச் சோலையை விட்டு இறங்காத இப்பறவைக்கு அது கடல் போல. வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே ஆனைமலை, பழனி, ஏலமலைப் பக்கம் வேறொன்று. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மூன்றாவது ஒன்று.

அந்த இனத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'சோலிகோலா', அதாவது சோலைவாசி. பாதி நம் சொல், பாதி லத்தீன். சோலைக்கிளி என்ற வழக்கிலோ மலையாளத்துக்கும் பங்குண்டு. நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி. அவர்களுக்கு எந்தச் சிறு பறவையும் கிளிதான். எல்லைப்புற மலையில் இரண்டு மொழியும் கலந்து புழங்குவதற்கு இது நல்ல அத்தாட்சி.

பீர்மேட்டு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பி வந்தது. இலைத்துரு நோயில் காப்பி வீழ்ந்ததும் தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் தென்மாவட்ட ஜனங்கள் ஏராளம். அவர்கள் அங்கே தமிழை நிலைநாட்டினார்கள். ஆனால் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்ட இடமெல்லாம் சோலைவாசிக்கு வீடு போயிற்று.

வெளிமாநிலத்தில் வாழும் நாம், பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகுமே என்று கவலைப்படுகிறோம். சொல் நிலைக்க வேண்டுமானால் அது குறிக்கும் பொருளும் நிலைக்க வேண்டுமல்லவா? விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, ஓடைப் பள்ளங்களில் மிஞ்சி நிற்கும் இருண்ட காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்குப் பெயர் சோலை என்று சொல்லிக்கொடுங்கள்.