யார் கண்ணிலும் படாத ஒரு பொதியின் வரலாறு

"அண்ணே, கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது எழுதுங்க. ஏ.ஐ. மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார்கள் மலர்க் குழுத் தம்பிகள். நல்லதாய்ப் போயிற்று. நான் எழுத நினைத்திருந்த விஷயத்தை வேறு யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. டெபியன் என்ற இலவச இயங்குதளத்தில் கூகுள்டெஸ்ட் என்றொரு பொதி இருக்கிறது. அதன் கதைதான் இது.

வேறு துறை நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரைப் பூட்டிக் கிணற்றில் இறக்கிய பிறகா அவர் சோதிக்கிறார்? ஒவ்வொரு காயிலையும் சீரிஸ் லாம்ப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். நிரலிலும் அதுவேதான், அதற்குப் பெயர் யூனிட் டெஸ்டிங். மாக்கிங் என்பதை நம் மாணவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்தான்! வராத டேட்டாபேஸுக்குப் பதிலாக ஒரு போலி நின்று "எஸ் சார்" சொல்லும். ஒரே வித்தியாசம், தன்னை எத்தனை தடவை, எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் அந்தப் போலி குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் போட்டுக் கொடுத்துவிடும்.

இந்த முறைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கென்ட் பெக். ஸ்மால்டாக் மொழிக்கான அவரது சோதனைக் கட்டமைப்பு 1994-ல் வெளிவந்தது. 1997-ல் அவரும் எரிக் காமாவும் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து ஜாவாவுக்கான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள். 'மாக் ஆப்ஜெக்ட்' என்ற யோசனை 2000-ல் ஒரு மாநாட்டுக் கட்டுரையாக வந்தது. சி பிளஸ் பிளஸ் மொழிக்காகத் தன் அலுவலகத்துக்குள் வைத்திருந்த கூகுள்டெஸ்ட்டையும் கூகுள்மாக்கையும் கூகுள் 2008-ல் வெளியே விட்டது.

சரி, வெளியே விட்டாயிற்றே, இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே, அதைப் பொதியாக வேறு கட்டுவானேன் என்று கேட்பீர்கள். இதற்கு டெபியனின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஒரு பொதியைக் கம்பைல் செய்யும்போது நெட்டைத் தொடக் கூடாது. தேவையான எல்லாமே டெபியனுக்குள் ஏற்கெனவே பொதிகளாக இருந்தாக வேண்டும். நிரலாளர் பலர் "சோதனைக் கருவியை அந்த நேரத்தில் நெட்டிலிருந்து எடுத்துக்கொள்" என்று எழுதிவிடுவார்கள். டெபியனில் அது செல்லாது.

இந்த விதியின் அருமை, டயல்-அப் காலத்து மதுரைக்காரர்களுக்குச் சட்டெனப் புரியும். 1990களின் பின்பாதியில் லினக்ஸ் நமக்குக் கம்பி வழியாக வரவில்லை. பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த சி.டி.யில்தான் வந்தது. சி.டி.யில் இல்லாதது நம் ஊரில் இல்லை, அவ்வளவுதான். நெட் இல்லாமலே முழு இயங்குதளத்தையும் ஒருவன் திரும்பக் கட்டிக்கொள்ள முடிய வேண்டும் என்பது யாரோ வெளிநாட்டுக்காரரின் பிடிவாதம் மாதிரித் தெரியலாம். எனக்கென்னவோ, நம் போன்ற ஊர்களுக்காகவே போட்ட விதி மாதிரித்தான் தோன்றுகிறது.

இனிதான் சுவாரசியமான பகுதி. ஆரம்பத்தில் டெபியனில் கூகுள்டெஸ்ட் மற்ற லைப்ரரிகளைப் போலக் கம்பைல் செய்யப்பட்டே வந்தது. 2011-ல் வந்த 1.6 பதிப்பில், எழுதியவர்களே "இதை முன்கூட்டிக் கம்பைல் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லி, நிறுவும் வசதியையே எடுத்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. புது மண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்புத் துணியை ஒருவர் ஒரு டேப்பால் அளந்து வெட்டுகிறார், கைத்துணியை இன்னொருவர் வேறு டேப்பால் வெட்டுகிறார். இரண்டும் தனித்தனியே சரி; சேர்த்துத் தைத்தால் கோணல். லைப்ரரியை ஒருவித அமைப்பிலும் உங்கள் நிரலை வேறுவித அமைப்பிலும் கம்பைல் செய்தால் இதே கோணல்தான் வரும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு பொருளுக்கு ஒரே வரையறைதான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை மீறினால் கம்பைலர் வாயே திறக்காமலும் இருந்துவிடலாம். ஓடும்போதுதான் எங்கோ இடிக்கும். சோதிக்கிற கருவியே பொய் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே டெபியன் பராமரிப்பாளர்கள் லைப்ரரியை எடுத்துவிட்டு, மூலநிரலை மட்டும் பொதிக்குள் வைத்தார்கள். 2013-ல் வந்த வீஸி வெளியீட்டில் நிலைமை அதுதான். பொதியை நிறுவிவிட்டு நிரலைக் கம்பைல் செய்தால் "லைப்ரரியைக் காணோம்" என்று லிங்கர் கத்தும். பொதியை நிறுவிய பின்னும் தாமே கம்பைல் செய்ய வேண்டுமா என்று பலர் எரிச்சல்பட்டார்கள். நானும் முணுமுணுத்தவன்தான். இருந்தாலும் அந்த முடிவு நியாயமானது என்பதே என் கட்சி. வசதிக்காகச் சந்தேகமான லைப்ரரியைக் கொடுப்பதைவிட இது மேல்.

2016-ல் வந்த 1.8 பதிப்பில் டெஸ்ட்டும் மாக்கும் ஒரே குடும்பமாகச் சேர்ந்தன. டெபியனிலும் தனித்தனியாக இருந்தவற்றை ஒரே மூலப் பொதிக்குள் கொண்டுவந்தார்கள். 2019-ல் வந்த பஸ்டர் வெளியீட்டிலிருந்து கம்பைல் செய்த லைப்ரரியும் கிடைக்கிறது, மூலநிரலும் கிடைக்கிறது.

இதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன லாபம்? இன்டெல், ஆர்ம், ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம் எனப் பல வகைக் கணினிகளுக்கு டெபியன் பொதிகள் கட்டப்படுகின்றன. கட்டும்போதே அந்தந்த நிரலின் சோதனைகளும் ஓடும். தோற்றால் வழக்கமாகப் பொதியே வெளியே வராது. டெபியனில் செய்த வேலை அதன் வழித்தோன்றல்களுக்கும் போய்ச் சேரும். சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியதுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் பாஸ் இருந்தது நினைவிருக்கலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் குறுமாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக மாநாடே நடந்தது, இந்தியாவில் அதுதான் முதல் தடவை. நேரடியாக ஏற்றும் உரிமை இல்லாத புதியவர், தான் கட்டிய பொதியை உரிமை உள்ள ஒருவரிடம் காட்டி ஏற்றச் சொல்லலாம். அதன்பின் உரிம விவரங்களை வரி வரியாகப் பார்க்க வேறொரு குழு இருக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும்.

வேலையும் தீர்ந்தபாடில்லை. கூகுள்டெஸ்ட் 2023-ல் சி பிளஸ் பிளஸ் 14-ஐக் கட்டாயமாக்கியது, 2025-ல் 17-ஐ. ஒவ்வொரு தடவையும், பழைய தரத்தைக் குறிப்பிட்டு எழுதிய பொதிகள் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். ஒருவர் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, பெரும்பாலும் அந்த ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.