எலி விழுந்த ஊரும் எல்லைச் சீட்டும்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்லும் காட்டுவழிச் சாலையில் அமைந்த நாட்றாம்பாளையம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது. காவிரியைக் கடந்தால் கர்நாடகம். இப்பகுதி 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. பழைய சேலம் மாவட்டத்தைத் தலகாட், பாராமகால், பாலகாட் என மூன்றாகப் பிரித்து வழங்கிய காலத்தில், மலைக்கு மேலுள்ள, இவ்வூரும் அடங்கிய ஓசூர்ச் சீமையே பாலகாட் எனப்பட்டது. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் அது கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்கு வந்தபோது, மைசூர் மேட்டுநிலத்தின் ஒரு துண்டு சென்னை மாகாணத்தோடு ஒட்டப்பட்டது என்றே சொல்லலாம். சந்தையும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் சாமி கும்பிடுவதும் தமிழ், கன்னடம், தெலுங்கு என்ற பேதமில்லாமல் இருபுறமும் நடந்துவந்தமையால், மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு சாதாரண நாள்களில் வரி வாங்குவோருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றாக இருந்தது. கொள்ளைநோய் வந்த காலங்களில்தான் அது குடியானவன் கண்ணுக்கும் புலப்பட்டது.

1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. நகரமும் ராணுவக் குடியிருப்பும் சேர்ந்த பெங்களூரின் மக்கள்தொகை 1891இல் 1,80,366 ஆக இருந்து 1901இல் 1,59,046 ஆகக் குறைந்ததில், இறந்தவர்களின் கணக்கோடு ஊரைவிட்டு ஓடியவர்களின் கணக்கும் கலந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அக்காலத்தில் ஓசூருக்கு ரயில் கிடையாது, மாட்டுவண்டிச் சாலைதான். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு சென்னை மாகாண அரசு கைக்கொண்ட வழி, 'பிளேக் பாஸ்போர்ட்' என்னும் சீட்டு முறை. நோய் கண்ட இடத்திலிருந்து வருபவரின் பெயரும் போகும் ஊரும் அதில் பதியப்படும். அவர் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரிகளின் முன் தோன்றித் தம் உடல்நிலையைக் காட்ட வேண்டும். கடல் கடந்து வருவோருக்கான பாஸ்போர்ட் சட்டம் இந்தியாவில் 1920இல்தான் இயற்றப்பட்டது என்பதை நோக்கினால், அதற்கு இருபது ஆண்டு முன்பே அச்சொல்லைப் பாமர மக்கள் நோய்ச்சீட்டின் பெயராகக் கேட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

மக்களை வாட்டிய கவலை சாவு ஒன்றே என்று கொள்வது பிழையாகும். வீட்டுக்குள் எலிகள் செத்து விழுவதை 'எலி விழுதல்' என்றனர். எலி விழுந்தால் ஊரைக் காலிசெய்து கழனியில் குடிசை போட்டுத் தங்குவது வழக்கமாயிற்று. இவ்வழக்கம் நோயைத் தடுப்பதற்கு ஏற்றது என்பதற்கான காரணம், எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கண்டுரைத்ததையும், அறிஞருலகம் அதை ஏற்கச் சில ஆண்டுகள் தயங்கியதையும் அறிந்த நமக்கு இப்போது எளிதில் புரிகிறது. ஆனால் ஊரைக் காலிசெய்த குடும்பத்தலைவருக்கு, பூட்டிய வீட்டை யார் காப்பது, வீட்டிலும் நிலவறைக் குழியிலும் சேமித்த கேழ்வரகு என்னவாகும், விதைப்புக்குள் திரும்ப முடியுமா என்பனவே உறக்கத்தைப் போக்கும் கேள்விகளாக இருந்திருக்கும். அதைவிடக் கொடியது, நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து முகாமில் சேர்ப்பதும் பிணத்தை அதிகாரிகள் சோதிப்பதும். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டதும், சீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் 1898 நவம்பரில் கலகம் மூண்டதும் இந்தக் கசப்பின் விளைவுகளே. அக்கால அரசு ஆவணங்கள் இந்தக் கசப்பை 'மூடநம்பிக்கை' என்று எழுதி முடித்துவிடுகின்றன. இறுதிச் சடங்கு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தை அப்பெயரால் அழைப்பது அறியாமை.

அச்சத்துக்கு மக்கள் தேடிய மருந்துகளுள் தெய்வமும் ஒன்று. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனும் பெங்களூரில் பிளேகம்மாவும் கோயில் கொண்டார்கள். அம்மைக்கு ஏற்கெனவே மாரியம்மன் இருக்க, புதுநோய்க்கு ஆங்கிலப் பெயரையே சேர்த்து அம்மனை அழைத்த துணிவு வியப்புக்குரியது. 2021 மே மாதத்தில் கோயம்புத்தூரை அடுத்த இருகூரில் 'கொரோனா தேவி' சிலை வைக்கப்பட்டதும் அந்த மரபின் தொடர்ச்சியே.

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டு அரசு மாவட்ட எல்லைகளை மூடியபோது, ஓசூர்ச் சீமை முற்றிலும் வேறு வாழ்க்கையில் இருந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், தமிழ்நாட்டு ஜுஜுவாடிக்கும் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் இடையே நாள்தோறும் எல்லை தாண்டிப் பிழைப்பவர்கள் பெருகியிருந்தனர். ரோஜாவும் தக்காளியும் பெங்களூர்ச் சந்தையை நம்பிப் பயிராயின. மே 1இல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி மட்டும்தான் பச்சை மண்டலம், அதாவது தொற்று பதிவாகாத மாவட்டம். ஆயினும் நோயில்லாத அந்த வாரங்களில் வேலையில்லாக் கவலை குறையவில்லை. பறித்த பூவைக் கொண்டுபோக வழியின்றிக் குப்பையில் கொட்டினார்கள்.

இங்கேதான் இரு சீட்டுகளின் வேறுபாடு தெரிகிறது. பிளேக் பாஸ்போர்ட் மனிதனைப் போகவிட்டுப் பின்தொடர்ந்தது. கொரோனா ஊரடங்கில் பயணத்துக்கு வேண்டியிருந்த இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டோ புறப்படும் முன்பே நிறுத்தியது. முன்னது ஊர் அதிகாரியின் முன் உடலைக் காட்டச் சொன்னது. பின்னது திருமணம், இறப்பு, மருத்துவம் என ஒரு காரணத்தைக் கைபேசி வழியே நிறுவச் சொன்னது. சந்தைக்குப் போவதோ எல்லைக்கு அப்பால் கட்டிக்கொடுத்த மகளைப் பார்ப்பதோ அக்காரணங்களுள் அடங்கவில்லை. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தோர் அனைவருக்கும் தானாகவே இ-பாஸ் கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே அதுவும் தேவைப்படவில்லை.

பிளேக்கோ இப்பகுதியைவிட்டு மெல்லவே விலகியது. 1994இல் சூரத்திலும் மகாராஷ்டிரத்தின் பீட் பகுதியிலும் பிளேக் அச்சம் மீண்டும் எழும்வரை, இந்தியாவில் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட பிளேக் நோயாளி என அறியப்பட்டவர் 1966இல் இன்றைய கர்நாடகத்தில் கண்டறியப்பட்டவரே. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கூடும் நிலப்பரப்பை நோய் மறைந்திருக்கக்கூடிய இடமாகக் கருதி, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெங்களூர்ப் பிரிவு அங்குள்ள எலிகளைப் பொறிவைத்துப் பிடித்து அவற்றின் குருதியைச் சோதித்துவருகிறது.