சோவியத் லென்ஸ்களின் அப்பர்ச்சர் பிளேடுகள்

லென்ஸுக்குள் நுழையும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய உலோகத் தகடுகளே அப்பர்ச்சர் பிளேடுகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஆலைகளில் உருவான லென்ஸ்கள் பலவற்றில் இவற்றின் எண்ணிக்கையோ வடிவமோ நாம் பார்த்துப் பழகியதைப் போல இருப்பதில்லை. 133 மி.மீ. தயீர்-11 லென்ஸில் 20 பிளேடுகள், 85 மி.மீ. ஜூபிட்டர்-9இல் 15. ஆறே பிளேடுகள் கொண்ட இண்டஸ்டார்-61 எல்/இசட் லென்ஸோ நட்சத்திர வடிவத் துவாரத்துக்காகப் பெயர்பெற்றது.

இந்த லென்ஸ்களில் பலவற்றுக்கு மூலம் ஜெர்மனி. போர் இழப்பீடாக ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்திலிருந்து வரைபடங்களும் கருவிகளும் கண்ணாடியும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. சொன்னார் லென்ஸின் வழியில் ஜூபிட்டர் வரிசையும், பயோட்டார் வழியில் ஹீலியோஸ்-44உம் பிறந்தன. இண்டஸ்டார் அதற்கும் முந்தையது. 1902இல் பவுல் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸாரின் நான்கு கண்ணாடி அமைப்பைப் பின்பற்றி, 1930களிலேயே கார்கிவ் நகரின் ஃபெட் கேமராக்களில் அது இடம்பெற்றிருந்தது.

பிளேடுகள் ஏன் கூடின, பிறகு ஏன் குறைந்தன என்பதற்கு, அவற்றை மூடுவது எது என்பதில் விடை இருக்கிறது. பழைய ‘பிரீசெட்’ லென்ஸில் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் அளவை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, துவாரம் முழுதாகத் திறந்த நிலையில் ஃபோகஸ் செய்து, படம் எடுக்கும் முன் மற்ற வளையத்தைக் கையால் திருகி மூட வேண்டும். கை மூடும்போது அவசரம் இல்லை. இருபது பிளேடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசினாலும் பாதகமில்லை. துவாரம் எந்த அளவிலும் ஏறக்குறைய வட்டமாகவே நிற்கும். ஷட்டர் பொத்தானை அழுத்தியதும் கேமராவே லென்ஸை மூடும் தானியங்கி முறை வந்தபோது நிலைமை மாறியது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஸ்பிரிங் நகர்த்த வேண்டுமானால் பிளேடுகள் குறைவாகவும் இலேசாகவும் இருந்தாக வேண்டும். பிரீசெட் வகையான ஹீலியோஸ் 44-2இல் 8 பிளேடுகள். தானியங்கியான 44எம்-4இல் 6. வசதி வந்தது, வட்டம் போனது. பின்புல ஒளிப்புள்ளிகளின் அழகைப் பொறுத்தவரை இது இழப்புதான்.

இண்டஸ்டார்-61 எல்/இசட் இந்தக் கணக்கில் அடங்காது. அதுவும் பிரீசெட் லென்ஸ், ஆனால் பிளேடுகள் ஆறுதான். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள லித்காரினோ ஆலையின் தயாரிப்பு, 50 மி.மீ., எஃப்/2.8. பெயரிலுள்ள ‘எல்’ அதன் லாந்தனக் கண்ணாடியைக் குறிக்கிறது. வளையத்தை மெல்லத் திருகியபடி முன்பக்கமாக உள்ளே பார்த்தால், முதலில் தெரிவது வட்டம். 5.6ஐ எட்டும்போது ஒவ்வொரு பிளேடின் விளிம்பும் உள்நோக்கிப் புடைத்து, ஆறு முனைகள் கூர்மையாகத் தெளிகின்றன. எஃப்/8 வரை நட்சத்திரம் நிற்கும். அதற்கு மேல் மூடினால் மங்கிவிடும். இந்த லென்ஸ் 30 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். அருகில் ஒரு பூவும் தூரத்தில் சீரியல் பல்புகளும் இருந்தால், ஒவ்வொரு பல்பும் ஒரு நட்சத்திரமாக விழும்.

ஃபோகஸுக்கு வெளியே உள்ள புள்ளி துவாரத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால் வருவது இந்த நட்சத்திரம். தெருவிளக்கிலிருந்து நாலாபுறமும் நீளும் கதிர்கள் வேறு. அவை துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால், அதாவது விளிம்பு விளைவால், உண்டாகின்றன. நேர்விளிம்புப் பிளேடுகள் இரட்டைப்படை என்றால் கதிர்களும் அதே எண்ணிக்கை. ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. பிளேடுகள் கூடி விளிம்பு வட்டத்தை நெருங்கினால் கதிர்கள் மங்கிவிடும். பெங்களூரில் 1933 முதல் தம் இறுதிவரை வாழ்ந்த சி.வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரையே இத்துறையில்தான்: செவ்வகத் துவாரத்தில் சாய்வாக விழும் ஒளி தரும் சமச்சீரற்ற பட்டைகள் பற்றியது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக 1906இல் அதை வெளியிட்டார். துவாரத்தின் வடிவம் ஒளியின் மேல் தன் முத்திரையைப் பதிக்கும் என்பதை நம் மண்ணில் அத்தனை இளம் வயதில் ஒருவர் ஆராய்ந்தது பெருமைக்குரியது.

1953ஆம் ஆண்டின் இந்திய-சோவியத் வர்த்தக உடன்பாடு ரூபாயில் வணிகம் செய்ய வழிசெய்தது. சோவியத் முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைப் போலவே, இத்தகைய லென்ஸ்கள் பொருத்திய சோவியத் ஜெனித் கேமராக்களும் இந்தியாவுக்கு வந்தன. லித்காரினோ ஆலைக்கும் இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. நைனிதால் அருகே தேவஸ்தலில் 2016இல் இயக்கிவைக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி மெருகேற்றப்பட்டது அந்த ஆலையில்தான்.

இன்றைய மிரர்லெஸ் கேமராவில் இந்த லென்ஸ்களைப் பொருத்துவது எளிது. எம்42 திருகுமறை லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. தூரம் வேண்டும், சோனி ஈ-மவுண்டில் இருப்பது 18 மி.மீ. மீதியை ஒரு வெற்று அடாப்டர் வளையம் நிரப்பிவிடும். 44எம்-4 போன்ற தானியங்கி லென்ஸ்களுக்குப் பின்புற ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டர் தேவை. இல்லையேல் பிளேடுகள் மூடாது. பிளேடுகளில் எண்ணெய் கசிந்திருந்தால் தானியங்கி லென்ஸ் திணறும். கையால் திருகும் பிரீசெட்டுக்கு அது பெரிய குறை அல்ல. பெங்களூரின் மழைக்கால ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிப்பதுதான் பெரிய கவலை. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா நல்ல காவல். எல்/இசட் வாங்குபவர்கள் வளையத்தை 5.6இல் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். ஆறு முனைகளில் ஒன்று குட்டையாகத் தெரிந்தால், ஒரு பிளேடு இடம் பிசகியிருக்கக்கூடும்.