தடமும் வலைப்பின்னலும்: பிரிட்டனில் பஸ் கட்டுப்பாடு நீங்கியதன் விளைவுகள்

லண்டன் நீங்கலாகப் பிரிட்டன் முழுவதிலும், எந்தத் தடத்தில் யார் பஸ் ஓட்டலாம் என்பதை லைசென்ஸ் மூலம் தீர்மானித்துவந்த 1930ஆம் வருஷத்து ஏற்பாடு, 1986 அக்டோபர் 26ஆம் தேதி முடிவுக்கு வந்தது. தகுதி பெற்ற எவரும் 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தாம் விரும்பிய தடத்தில் ஓட்டலாம், அதேபோல் நிறுத்தியும் விடலாம் என்று 1985ஆம் வருஷத்துச் சட்டம் அனுமதித்தது. லாபம் தராத தடங்களில் அத்தியாவசியமானவற்றை மட்டும் ஸ்தல ஸ்தாபனங்கள் டெண்டர் விட்டு நடத்திக்கொள்ளலாம்.

போக்குவரத்து மந்திரி நிக்கலஸ் ரிட்லியின் காலத்தில், 1984இல் வெளியான வெள்ளை அறிக்கை, லாபத் தடத்தின் வருமானத்தைக் கொண்டு நஷ்டத் தடத்தைத் தாங்கும் வழக்கத்தைக் கண்டித்து, போட்டி வந்தால் செலவு குறையும் என்று வாதித்தது. செலவு குறைந்தது என்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்க இயலாது; பஸ்கள் ஓடிய தூரமும் கூடிற்று. ஆனால் பிரயாணிகள் கூடவில்லை.

இந்த முரண்பாட்டின் காரணம் பஸ் நிறுத்தத்திலேயே இருக்கிறது. துணி வாங்கப் போகிறவர் நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கலாம்; மழையில் குடை பிடித்து நிற்பவரோ, காத்திருக்கும் நேரமும் தாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியாகிவிடுவதால், முதலில் வரும் வண்டியிலேயே ஏறிவிடுகிறார். ஆகவே எதிரியை வெல்லக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. அவனுடைய வண்டிக்கு இரண்டு நிமிஷம் முன்னதாக ஓட்டினால் போதும். மான்செஸ்டரின் ஆக்ஸ்போர்டு சாலை போன்ற செழிப்பான தடங்களில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஓடியதும், ஒரு கம்பெனியின் டிக்கெட் மற்றொரு கம்பெனியின் வண்டியில் செல்லாது போனதும் இந்தத் தர்க்கத்தின் பிரத்தியட்ச விளைவுகளே.

போட்டி நீடிக்கவும் இல்லை. 1994இல் டார்லிங்டன் நகரத்தில் ஸ்டேஜ்கோச் குழுமத்தின் கிளை நிறுவனம் கட்டணமின்றியே பஸ் விட்டது. நகராட்சிக்குச் சொந்தமான கம்பெனி அந்த நவம்பரிலேயே வீழ்ந்தது. ஏகபோக விசாரணைக் கமிஷன் மறு வருஷம் இச்செய்கையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் வீழ்ந்த கம்பெனி எழவில்லை.

லண்டனிலும் போட்டி உண்டு. ஆயினும் அங்கே தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் பொது நிர்வாகம் வகுத்துவிட, அத்தடத்தை ஓட்டும் உரிமைக்காக மட்டுமே கம்பெனிகள் டெண்டரில் மோதின. அடுத்த முப்பது வருஷங்களில் லண்டன் பஸ் பிரயாணங்கள் ஏறத்தாழ இரட்டித்தன. பிற பெருநகரப் பிரதேசங்களில் ஏறத்தாழப் பாதியாயின. லண்டனின் ஜனப்பெருக்கமும், 2003இல் வந்த நெரிசல் கட்டணமும், தாராளமான மானியமும், பிற இடங்களில் கார்கள் பெருகியதும் இதில் பங்கு கொண்டவை என்பதை ஒப்புக்கொண்டே, தடங்களின் வலைப்பின்னலைக் கட்டிக்காக்க ஒருவர் இருந்ததும் இல்லாமற்போனதும் பிரதான பேதம் என்று நான் கருதுகிறேன்.

லண்டன் முறையைப் பிற பிரதேசங்களும் கைக்கொள்ள 2017ஆம் வருஷத்துச் சட்டம் திறந்த வழியில், மான்செஸ்டர் பெருநகரப் பிரதேசம் 2023 செப்டம்பரில் போல்ட்டனிலும் விகனிலும் தொடங்கி, 2025 ஜனவரி 5இல் தன் பஸ்கள் அனைத்தையும் பொது நிர்வாகத்தின் கீழ் மீட்டுக்கொண்டது.