தேயிலைச் சரிவில் பேஸ்மேக்கர்

இதயத்தின் இயல்பான மின்தூண்டல் தளர்ந்து துடிப்பு மெதுவாகும்போதோ விட்டுவிட்டு நிற்கும்போதோ, அந்தத் தூண்டலைச் செயற்கையாகக் கொடுக்கும் கருவி பேஸ்மேக்கர். உடலுக்குள் முழுமையாகப் பதித்த முதல் கருவி 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதைக் காலணி பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்ஸி பிசினில் வார்த்திருந்தார். லார்சனின் மனைவி விடாமல் வற்புறுத்தியதால்தான் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் அதைப் பதிக்க இசைந்தார். சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. கைவசம் இருந்த இன்னொன்று பொருத்தப்பட்டது. லார்சன் 2001 வரை, தம் 86 வயதுவரை வாழ்ந்தார். அதற்குள் அவருக்கு மாற்றிய கருவிகள் 26.

அந்த 1958-இல் மலாயாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு மருத்துவம் என்றால் டிரஸர் எனும் தோட்ட மருத்துவ உதவியாளர்தான். 1929-இல் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங் மலையடிவாரத்தில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து மலைக்கு மோட்டார் சாலை 1931-இல் வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்ட முதலாளிகள்மேல் மருத்துவப் பொறுப்பைச் சுமத்தியிருந்தாலும், அந்த ஏற்பாடு மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றை எதிர்கொள்ள உருவானது. நாடி நிமிடத்துக்கு முப்பது, நாற்பதாகக் குறைந்து தலை கிறுகிறுத்து விழுபவருக்கு அதில் இடமே இல்லை. தமிழ் வீடுகளில் அதற்குப் பித்த மயக்கம் என்று பெயர். எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பார்கள். இதயத்தின் மின்பதிவு (ஈ.சி.ஜி.) இல்லாமல் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது என்பதால் டிரஸரைக் குறை சொல்வது நியாயமல்ல.

இன்று பேஸ்மேக்கர் வைக்கப்படும் நோயாளிகள் முதலில் கேட்பது பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதைத்தான். தொடக்ககாலப் பாதரச மின்கலங்கள் இரண்டு ஆண்டு தாங்கினாலே பெரிது. 1972-இல் லித்தியம்–அயோடின் மின்கலம் வந்தபின் ஆயுள் பலமடங்கு கூடியது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடுகின்றன. பேட்டரி தீர்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். இதயத்துக்குள் போன கம்பிகள் நன்றாக இருந்தால் அப்படியே விடப்படும். ஐம்பது வயதில் பேட்டரி வைத்தவர் இன்னும் இரண்டு மூன்று முறை மேசையில் படுக்க வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் முறை.

அடுத்த கேள்வி கையைப் பற்றியது. தோட்டத்து நோயாளிக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே, மருத்துவர் விரைந்து கடந்துபோவதும் இதையே. பெட்டி வழக்கமாக இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. கம்பி அங்கிருந்து இரத்தக்குழாய் (சிரை) வழியாக இதயத்துக்குள் போகிறது. அது இறுகிப் பிடிக்கும்வரை, ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம், அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, பாரம் சுமக்கக்கூடாது. ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு விறைத்துவிடும். முதுகுக் கூடையின் வார் அந்த இடத்திலேயே அழுத்தும் என்பதால் வேலைக்குத் திரும்பிய பின்னும் வாரை நகர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். கொழுந்து வெட்டும் மோட்டார் இயந்திரத்தின் தீப்பொறிக் கருவியருகே காந்தப்புலம் உண்டு. ஓடும் இயந்திரத்துக்கும் நெஞ்சுக்கும் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். கைபேசிக்கு ஆறு அங்குலம் போதும். அதைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது.

சரிவில் நடப்பவர்களுக்கென்றே ஒரு கதை உண்டு. 1980-களில் உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் கருவிகள் வந்தன. அவை அளந்தது அதிர்வை, உழைப்பை அல்ல. மேட்டில் ஏறும்போது காலடி மெல்ல விழும். இறங்கும்போது பலமாக விழும். ஆகவே மூச்சு வாங்க ஏறுபவருக்குத் துடிப்பு போதாமலும், இறங்குபவருக்குத் தேவையின்றி வேகமாகவும் இருந்தது. குண்டும் குழியுமான பாதையில் லாரியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் துடிப்பு ஏறியது. மூச்சின் அளவைக் கணிக்கும் உணரிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. ஏறும்போது மட்டும் களைப்பு வந்தால் அதை வயதின்மேல் போடாமல் பரிசோதனையில் சொல்ல வேண்டும். வெளியிலிருந்தே கணினிவழி கருவியின் அமைப்பை மாற்றலாம், கத்தி படாது.

பரிசோதனை என்பதே மலைவாசிக்கு ஒரு பயணம். தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது; சிறப்புச் சிகிச்சைக்கு ஈப்போவுக்கோ, 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தை நாடிக் கோலாலம்பூருக்கோ இறங்க வேண்டும். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, ஆயுள் முழுதும். கருவியின் பெயரும் எண்ணும் உள்ள அட்டை கூடவே இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதும் கருவியின் வகையைப் பொறுத்ததே. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதாக வடிவமைத்த கருவிகள் 2008-க்குப் பிறகே பரவின.

கடைசியாக ஒன்று, எவரும் கேட்கக் கூசுவது. தகனத்துக்கு முன் பேஸ்மேக்கரை அகற்றியாக வேண்டும், தீயில் அதன் மின்கலம் வெடிக்கும். 1976-இல் இங்கிலாந்தின் சோலிஹல் தகனக்கூடத்தில் அப்படி வெடித்தது பதிவாகியிருக்கிறது. அதன்பின் அங்கே தகனப் படிவத்தில் இதற்கென ஒரு கேள்வி சேர்ந்தது. எரியூட்டும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். தோலுக்கடியில் இருப்பதால் மருத்துவமனைப் பணியாளர் சிறு கீறலில் எடுத்துவிடுவார். அப்படி எடுத்தவற்றில் சில மறுபடி பயன்பட்டதும் உண்டு. அமெரிக்கக் குடும்பங்கள் கொடுத்த கருவிகளில் பேட்டரி மிச்சமிருந்தவற்றைத் தூய்மை செய்து மும்பையின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். அதன் விவரம் 2011-இல் மருத்துவ இதழில் வெளியானது.