சுழல் ஆக்கி
விமான இறக்கையின் மேற்பரப்பில், பெரும்பாலும் முன்விளிம்பை ஒட்டி வரிசையாகப் பொருத்தப்படும் சிறு தகடு. காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை. பரப்பை ஒட்டிய எல்லைப்படலத்தில் காற்று உராய்வால் வேகமிழந்திருக்கும். தாக்குகோணம் கூடும்போது, பின்விளிம்பை நோக்கி உயரும் அழுத்தத்தை எதிர்த்து முன்னேற முடியாமல் அது விலகிவிடும். ஏற்றுவிசை சரியும், இழுவை பெருகும். காற்றின் திசைக்குச் சற்றுச் சாய்ந்து நிற்கும் தகட்டின் நுனியிலிருந்து கிளம்பும் சுழல், மேலே விரைந்தோடும் காற்றைக் கீழே இழுத்துவந்து மந்தமான படலத்தில் கலக்கிறது. இந்த எளிய ஏற்பாட்டை 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த எச். டி. டெய்லர் அறிமுகப்படுத்தினார். தகட்டின் உயரம் வழக்கமாக எல்லைப்படலத்தின் தடிமனை ஒட்டியது. அதில் பாதிக்கும் குறைவான உயரமுள்ள நுண் ஆக்கிகளும் நன்கு பயன்படுகின்றன. சீரான பறப்பில் இவை இழுவையைச் சற்றுக் கூட்டும். குறைந்த வேகத்தில் தரையிறங்கும் சிறு விமானத்துக்கு அது கொடுக்கத் தகுந்த விலையே.